கூரை மேல் நின்ற இந்தியாக்காரர்

நெடுந்தீவுக்குப் படகேறுகிறவள் காலையில் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கலாம். குறிகட்டுவான் துறையடியில் ஒரு சின்னக் கடை. சுடச்சுடப் பாணும், கண்ணில் நீர் வரவழைக்கும் சம்பலும் கிடைத்தன. ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் இவ்வளவு பொருந்தும் என்று எங்கள் வேதாரண்யம் பக்கத்தில் எவருக்கும் தெரியாது. ருசி கண்டு இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதற்கான தண்டனை கடலில் காத்திருந்தது.

படகு துறையை விட்டு நகர்ந்ததும் தூக்கிப் போட ஆரம்பித்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என் முகம் வெளிறுவதைப் பார்த்துவிட்டு, "வெளியிலை பாக்காதேங்கோ அக்கா, என்ரை முகத்தைப் பாருங்கோ. ஒண்டும் செய்யாது," என்றாள். நம்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து ஓரத்துக்கு ஓடினாள். அவள் பின்னாலேயே நானும் ஓடினேன். அப்புறம் இரண்டு பேரும் நல்ல சிநேகிதிகளாகிவிட்டோம்.

நான் கடலோரத்துக்காரிதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்தையும் ஒரு புயல் துடைத்துப் போட்டது. அப்போது முன்பின் தெரியாத யார் யாரோ வந்து என் வீட்டுக்குக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய பெயர்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அதனால்தான், எண்பத்து மூன்றாம் வருடம் பிறந்த கையோடு, எங்கள் ஊர்த் தொண்டர் குழு கடல் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுக்கு வீடு கட்டப் போகிறது என்றதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். அங்கே புயல் அடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எங்களுக்குத் தலைவர் சாம்பசிவம் சார். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் ஒரு திட்டம் வைத்திருப்பார். யாழ்ப்பாணத்தில் வாங்கிய சிமெண்டு மூட்டைகளைப் படகில் அடுக்கி, அவற்றின் மேல் தார்ப்பாய் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு கட்டியவர் அவர்தான். நாங்கள் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் தார்ப்பாயை அவிழ்த்துத் தன் ஆடுகளுக்குப் போர்த்திவிட்டான். "ஆடு நனைஞ்சால் சளி பிடிச்சுச் செத்துப்போமெல்லோ," என்று நியாயமும் சொன்னான். கரை சேர்ந்தபோது ஆடுகள் காய்ந்திருந்தன. சிமெண்டு தொப்பலாக நனைந்திருந்தது.

நெடுந்தீவில் முதலில் கண்ணில் படுவது வேலிகள். எங்கள் ஊரில் வேலி என்றால் முள். இங்கே கடல் பாறைக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் இடைவெளி. காற்று அதன் வழியே சீட்டியடித்துக்கொண்டு போகிறது. புயலில் வீடுகள் போயின, பனைகள் சாய்ந்தன, இந்த வேலிகள் மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றன. வெட்டவெளியில் குட்டைக் குதிரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. 'யாருடைய குதிரை?' என்று கேட்டால், 'ஆற்றையும் இல்லை,' என்கிறார்கள், யாருடையதும் இல்லையாம்.

எங்களுக்கு ஒதுக்கிய வீடு கந்தையா அண்ணையுடையது. தோட்டக்காரர். மழைக்குப் பயிர் வைப்பார், கோடையில் பனை வேலை. அவர் மனைவி நாகம்மா. ஒரே மகள் மங்கை. இருந்த வீட்டில் ஒரு சுவரின் பாதிதான் மிச்சம். மூவரும் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்காவின் கொட்டிலில் ஒண்டியிருந்தார்கள். போனதும் வெறும் தேநீரும், கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் தந்தார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். பாதித் தேநீரிலேயே என் பனங்கட்டி தீர்ந்துவிட்டது. நாகம்மா சிரித்துக்கொண்டே இன்னொன்று வைத்தாள்.

"வடிவாக் கட்டித் தாங்கோ அக்கா," என்றாள். "இது எங்களுக்கில்லை, பிள்ளையின்ரை சீதன வீடு."

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கியதும் ஆச்சரியமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் பெண் மூட்டை கட்டிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போவாள். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். பெண்ணுக்குச் சீதனமாக எழுதுகிற வீட்டில் அவன் வந்து குடியிருப்பான். ஆகவே வீடு இல்லையென்றால் கல்யாணம் இல்லை. மங்கைக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு பையனைப் பேசி, தை மாதத்தில் நாளும் வைத்தாகிவிட்டது. தவராசா என்று பெயர். தெற்கே ஒரு டவுனில் சொந்தக்காரர் கடையில் வேலை. புயலுக்குப் பிறகு பையனின் தாய்மாமன் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்: குறித்த நாளுக்குள் கூரை ஏறாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டி வரும் என்று.

"நல்லா இருக்கே கதை!" என்றேன். "புயலை இவங்களா கூப்பிட்டு அடிக்கச் சொன்னாங்க?"

நாகம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். கொட்டிலின் மூலையில் மங்கை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அங்கிருந்த நாளெல்லாம் அந்தப் பெண் என்னிடம் 'ஓம்', 'இல்லை' தவிர வேறு பேசியதாக நினைவில்லை.

மறுநாள் காலையில் சிமெண்டு மூட்டைகளைத் தட்டிப் பார்த்தோம். பாதி மூட்டைகள் கல். சாக்கின் தையல்கூட அச்சாகப் பதிந்த அருமையான கல். சாம்பசிவம் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கந்தையா அண்ணை ஒரு மூட்டையைப் புரட்டிப் பார்த்து, "வாசல் படிக்கு ஒரு கல்லுத் தேடினனான். கிடைச்சிட்டுது," என்றார். சார் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நல்ல சிமெண்டு அஸ்திவாரத்துக்குத்தான் காணும். சுவருக்கு அந்த ஊர் வழியே சரி என்றாயிற்று. கடல் கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது, அதே கல்லால் சுவர் எழுப்புவது. கல்லுக்கு எங்கே போவது என்று நான் கேட்டு வாய் மூடுவதற்குள் பொன்னம்மா அக்கா தன் வேலியின் மேல் வரிசையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்த்து அடுத்த வளவுக்காரர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று வேலிகள் வரிசையாகக் குட்டையாகின. பொன்னம்மா அக்காவின் வேலி நெஞ்சளவுக்கு இறங்கிவிட்டது.

"உங்க வேலி போகுதேக்கா," என்றேன்.

"போனால் என்ன? ஆடு தாண்டாது. ஆக்கள் தாண்டினால் தாண்டட்டும்," என்றாள்.

இப்படியும் ஒரு சனமா என்று நினைத்தபடியே அவள் கழற்றிய கல்லை வாங்கிச் சுமந்தேன்.

அடுத்து வந்த நாட்கள் கல், சுண்ணாம்பு, வியர்வை. மத்தியானம் புட்டும் மீன் குழம்பும். ஒரு நாள் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். நண்டு, மீன், பயற்றங்காய், இன்னும் என்னென்னவோ ஒரே பானைக்குள். பலாவிலையைக் கோலிக் குடிக்க வேண்டும். என் இலை ஒழுகிச் சேலையெல்லாம் கூழ். "இந்தியாக்கார அக்காவுக்குக் கோப்பை குடுங்கோ," என்று யாரோ கேலி பண்ண, வீம்புக்கு இன்னொரு இலையை வாங்கிக் குடித்து முடித்தேன். இடையில் சாம்பசிவம் சார் தன் திட்டப்படி சமையலறையை வீட்டுக்குள்ளேயே அளந்து கயிறு பிடித்தார். நாகம்மா வந்து பார்த்தாள். "என்ன, குசினி வீட்டுக்குள்ளையோ? வாற மாப்பிள்ளையைப் புகைக்குள்ளை போட்டு வாட்டவோ?" என்று கேட்டாள். குசினி மறுபேச்சில்லாமல் வெளியே போயிற்று.

சுவர் எழுந்தது. மரத்துக்குப் பஞ்சமில்லை. சாய்ந்த பனைகள் வழியெங்கும் கிடந்தன, பிளந்து கூரைக்குச் சலாகை போட்டோம். அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. கூரை வேய ஓலை இல்லை. புயல் நின்ற பனைகளையும் மொட்டையடித்திருந்தது. விழுந்த ஓலையெல்லாம் முதல் வாரத்திலேயே அவசரக் கொட்டில்களுக்கும் மாட்டுக்கும் போய்விட்டது. மரம் மலையாகக் கிடக்க, மேலே போட ஓலை இல்லாமல் நின்றோம். சார் தன் திட்டங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். ஒன்றிலும் ஓலை இல்லை.

கந்தையா அண்ணை சட்டை போட்டுக்கொண்டு மடத்துவெளிக்குப் புறப்பட்டார். கல்யாண நாளைத் தள்ளிவைக்கக் கேட்கப்போகிறார். சாயந்தரம் திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டது. நாகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. கல் சுமந்து என் கைத்தோல் உரிந்ததெல்லாம் வீணாய்ப் போக விடுவேனா?

"நாளைக்கு நானும் வர்றேன் அண்ணே. அந்த மாமன் மூஞ்சியை நான் ஒரு தடவை பார்க்கணும்," என்றேன்.

மறுநாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் படகேறினேன்.

மடத்துவெளியில் பெரிய கல்வீடுகள். பாதிக்குமேல் பூட்டிக் கிடந்தன, ஆட்கள் தெற்கே வியாபாரத்தில். மாமன் சின்னத்துரையர் கதிரை போட்டு உட்காரவைத்து, பால்தேநீர் கொடுத்து, என் ஊர் பேர் விசாரித்து, சண்டை போடவே வழியில்லாதபடி மரியாதையாக நடந்துகொண்டார். அதில் எனக்கு இன்னும் எரிச்சல். அவர் வளவின் பின்புறத்தைப் பார்த்தேன். இங்கே புயல் அவ்வளவாகத் தொடவில்லை போலும். மிதித்து அடுக்கிய பனையோலை கூரை உயரத்துக்கு நின்றது.

"ஐயா, அந்த ஓலையைக் கொடுங்க. கூரை ஏறிடும், கல்யாணம் நடந்திடும்," என்று நேரடியாகக் கேட்டேன்.

அவர் திடுக்கிட்டுப்போனார். "என்ன கதை கதைக்கிறியள் பிள்ளை? பொம்பிளையின்ரை சீதன வீட்டுக்கு மாப்பிள்ளை பகுதி ஓலை குடுக்கிறதோ? ஊர் சிரிக்காதோ? பிறகு அது ஆற்றை வீடு? நாளைக்கு ஒரு சொல்லு வந்தால், 'எங்கடை ஓலைக்குக் கீழைதானே இருக்கிறாய்' எண்டு அந்தப் பிள்ளையை ஆரும் சொல்லமாட்டினமோ?"

கந்தையா அண்ணையும் பக்கத்திலிருந்து மெதுவாக, "அவர் சொல்லுறது சரிதான் அக்கா. வாங்க ஏலாது," என்றார். நான் யாருக்காகச் சண்டை போட வந்தேனோ அவரே எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார்! கோபத்தில் எழுந்தேன். வாசல் பக்கம் ஒரு வாட்டசாட்டமான பையன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். கல்யாணத்துக்காகத் தெற்கிலிருந்து வந்திருந்த தவராசா இவன்தான் என்று ஊகித்துவிட்டேன்.

அவன் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன். "எங்க ஊரு புயலடிச்சப்போ வந்து கூரை போட்டவங்க, நாங்க யாரு எவருன்னு கேட்கலை. மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடான்னும் கேட்கலை. யாரோ எவரோ வந்தாங்க, போட்டாங்க, போனாங்க."

பையன் துடைப்பதை நிறுத்தினான். வழியெல்லாம் புலம்பிக்கொண்டே நெடுந்தீவு திரும்பினேன்.

அடுத்த நாள் முற்பகல், துறைப் பக்கமிருந்து ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால், தண்ணீரில் ஒரு வைக்கோல் போர் மிதந்து வருவதுபோல ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. முழுக்க ஓலை. உச்சியில் சில இளைஞர்கள். அவர்களில் ஒருவன் தலையையும் முகத்தையும் துவாய்த் துண்டால் சுற்றிக் கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்தான்.

"மாமா வீட்டு ஓலையா?" என்று பதறினேன்.

"அதிலை ஒண்டும் தொடேல்லை அக்கா," என்றான் துவாய்க்காரன். "மடத்துவெளியிலை வீட்டுக்கு ஒரு கட்டு எண்டு கேட்டு வாங்கினனாங்கள். ஆர் தந்தது எண்டு கேட்டால் ஊர் தந்தது. என்னை உங்கடை தொண்டர் குழுவிலை ஓராளாச் சேர்த்துக்கொள்ளுங்கோ. யாரோ எவரோதான்."

சாம்பசிவம் சார் அவன் கையைப் பிடித்து அங்கேயே குலுக்கிச் சேர்த்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் திட்டமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

செய்தி எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. நாகம்மா மகளை இழுத்துக்கொண்டு போய்ப் பொன்னம்மா அக்கா வளவுக்குள் விட்டாள். தாலி கட்டுமுன் பெண்ணைப் பார்க்கக்கூடாது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் கால் வைக்கவும் கூடாது. பையனுக்கும் அது தெரியும். வெளிப்புறமாக ஏணி வைத்தான், வாசல் பக்கம் திரும்பாமல் நேரே கூரைக்கு ஏறினான்.

கந்தையா அண்ணை கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் தொண்டையைச் செருமினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"தம்பி, நீர் எவடம்?"

"இந்தியாவிலையிருந்து வந்தனான்," என்றான் அவன், சுத்த யாழ்ப்பாணத் தமிழில்.

"இந்தியாவிலை எவ்விடம்?"

"அக்காவின்ரை ஊர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாமா, எங்க தெருதான்," என்றேன். "எங்க ஊர்ப் பசங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க."

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே கூத்தை! ஊர் முழுக்க அவனைத் தெரியும். ஊர் முழுக்க அவனைத் தெரியாது. நாகம்மா தேநீரை என்னிடம் கொடுத்து, "உங்கடை இந்தியாப் பொடியனுக்குக் குடுங்கோ. பனங்கட்டி ரெண்டு வைச்சிருக்கிறன்," என்பாள். மத்தியானம் கோழி அடித்தாள். இந்தியாக்காரருக்கு மீன் ஒத்துவராதாம். அத்தனை நாள் எனக்கு மீன் நன்றாகத்தான் ஒத்துவந்தது! தாழ்வாரத்திலிருந்து முகட்டை நோக்கி ஓலை வரிசை வரிசையாக ஏறியது. நாங்கள் கீழிருந்து எடுத்துக் கொடுக்க, மேலே அவனும் நண்பர்களும் நாரால் இறுக்கிக் கட்டினார்கள். கிழக்குப் பக்கம் வேலை செய்யும்போது மட்டும் அவன் அடிக்கடி தடுமாறினான். வெயில் போலும் என்று நினைத்தேன்.

முகட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது தெருவில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. சின்னத்துரையர்.

வேலை அப்படியே நின்றது. நாகம்மாவின் கையிலிருந்த செம்பு நழுவிவிட்டது. மருமகன் பெண் வீட்டில் கூலியாள்போல் வேலை செய்கிறான் என்று தெரிந்தால் இந்தச் சம்பந்தம் இந்த நிமிஷமே முறிந்தது. மேலே துவாய்க்காரன் ஓலைக்குள் குனிந்துகொண்டான். ஓடி ஒளிய அங்கே ஏது இடம்?

சின்னத்துரையர் வீட்டைச் சுற்றி நடந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். சிமெண்டு மூட்டைப் படியைக் குடை நுனியால் தட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"கந்தையா, மேலை நிக்கிறது ஆர்?"

கந்தையா அண்ணை கையால் வெயிலை மறைத்து மேலே பார்த்தார். "இந்தியாப் பொடியன்."

"ஓம் ஓம், இந்தியா," என்றது ஊர் முழுவதும் ஒரே குரலில்.

மாமன் கண்களை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் மேலே பார்த்தபடி நின்றார். தூக்கி வளர்த்த பிள்ளையின் முதுகு அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்கு வாய் துறுதுறுத்தது. ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன் என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

அவர் குடையைச் சுவரில் சாய்த்தார். சட்டையைக் கழற்றி அதன்மேல் தொங்கப் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழே கிடந்த ஓலைக் கட்டைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"அப்ப நானும் இந்தியாவிலையிருந்துதான் வந்தனான்," என்றார். "பிடியடா தம்பி!"

ஐயோ, அந்த ஆரவாரம்! குட்டைக் குதிரைகள் மிரண்டு ஓடின. நாகம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நானும் விக்கி விக்கி அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த மனிதரைத் திட்டிய திட்டையெல்லாம் அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன். அன்று பொழுது சாய்வதற்குள் முகடு மூடிவிட்டது.

குறித்த நாளில், குறித்த நேரத்தில், முற்றத்துப் பந்தலில் தாலி ஏறியது. என் வீட்டுக் கூரையைப் போட்டுவிட்டுப் பேர் சொல்லாமல் போனவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களும் இந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டிருக்க வேண்டும்.

பெண்ணும் மாப்பிள்ளையும் சாக்குத் தையல் பதிந்த அந்தச் சிமெண்டுப் படியில் வலது கால் வைத்து உள்ளே போனார்கள். முதல் தடவை வருகிற விருந்தாளிக்குக் காட்டுவதுபோலக் கந்தையா அண்ணை வீட்டைச் சுற்றிக் காட்டினார். தவராசாவும் ஒன்றும் தெரியாதவன்போல மேலே பார்த்தான்.

"கூரை நல்ல வடிவாயிருக்கு. ஆர் மாமா வேய்ஞ்சது?"

"இந்தியாக்காரர்," என்றார் கந்தையா அண்ணை.

"நல்ல வேலைக்காரர்."

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. இத்தனை நாளும் 'ஓம்', 'இல்லை'க்கு மேல் வாய் திறக்காத மங்கை, தலையைக் குனிந்தபடியே தெளிவாகச் சொன்னாள்.

"கிழக்குப் பக்கத்திலை ஓர் ஓலையை மாறி வைச்சிட்டார். கீழ்ப்பக்கம் மேலை கிடக்கு. மழைக்கு ஒழுகும்."

"உமக்கெப்பிடித் தெரியும்?" என்றான் மாப்பிள்ளை.

"பொன்னம்மா மாமியின்ரை வேலி இப்ப குட்டையெல்லோ. நிண்டு பாத்தனான்," என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும்தான் பாத்தனீங்கள். அதாலைதான் மாறி வைச்சனீங்கள்."

கிழக்குப் பக்கம் அடித்த வெயில் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பில் வீடு அதிர்ந்தது. தவராசாவின் காது மடல் சிவந்தது. பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய் ஏணியைத் தேடினான்.

"டேய் இந்தியாக்காரா," என்று கத்தினார் சின்னத்துரையர், "சாப்பிட்டிட்டு ஏறடா!"